தொண்ணூற்றேழாம் வளைவு

ஓலைக்காட்டுக்கு ஏறும் மண்சாலையில் மொத்தம் எத்தனை வளைவு என்று யாராவது கேட்டால், ஊர்க்காரர்கள் பதில் சொல்வதற்கு முன்னால் அத்தாயியின் சைக்கிளை ஒரு தரம் எட்டிப் பார்ப்பார்கள், ஏனென்றால் அவள் சைக்கிள் செயினில் எத்தனை கண்ணியோ அத்தனை வளைவுதான் அந்தச் சாலையில், ஒன்று கூடவும் கிடையாது, ஒன்று குறையவும் கிடையாது. எப்போதிலிருந்து இப்படி என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதுமில்லை. மலையில் ஏறி இறங்குகிறவனுக்கு மூச்சு வாங்குவதற்கே நேரம் போதாது, இதில் காரணம் வேறு யார் தேடுவது.

அத்தாயி தபால்காரி. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்குவாள், மத்தியானத்துக்குமேல் கடிதமும் மணியார்டரும் மாத்திரைப் பார்சலும் அதே பையில் ஏறிவரும். அவளுக்கு அந்த வேலை கிடைத்தபோது அவள் புருஷன் செம்மலை ஒரு வருஷத்து மிளகைப் போட்டு வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது. தடித்த டயர், குழியில் விழுந்தால் குதித்துத் தாங்குகிற முன்பக்கம், மலைக்கென்றே செய்தது, ஆனால் கியர் மட்டும் கிடையாது. கடைக்காரர் கியர் வைத்ததைக் காட்டியபோது செம்மலைதான் வேண்டாம் என்றான். "இருக்கறதுதானுங்க கெட்டுப்போவும், இல்லாதது எப்படிங்க கெடும்?" என்றானாம். ஆகவே ஏற்றத்துக்கும் ஒரே பல்சக்கரம், இறக்கத்துக்கும் ஒரே பல்சக்கரம், நடுவில் தொண்ணூற்றாறு கண்ணி கொண்ட ஒரே செயின்.

ஊருக்கு இது தெரியவந்தது ராக்கியண்ணனின் டீக்கடையால். கடை அப்போது அடிவாரத்தை ஒட்டிக் கடைசி வளைவில் இருந்தது. ஒரு மாரிக்காலத்தில் செயின் தொய்ந்துபோய், மிதிக்க மிதிக்கச் சாலையும் தொய்ந்து, ஒவ்வொரு வளைவும் பத்தடி இருபதடி நீண்டுபோக, அத்தாயி வாசலில் உட்கார்ந்து சுத்தியலும் ஆணியும் வைத்து இரண்டு கண்ணிகளைத் தட்டி எடுத்தாள். செயினில் ஒற்றைக் கண்ணியை எடுக்க முடியாது, ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும். அன்றைக்கு அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக அடிவாரம் போய்ச் சேர்ந்தாள். கடையைக் காணோம். கடையில் நின்ற ராக்கியண்ணனையும் காணோம்.

"கடையக் காணம் மாமா," என்று திரும்பி வந்து செம்மலையிடம் சொன்னாள்.

ஊரெல்லாம் தேடினார்கள், அவர் பெண்டாட்டி அவர் எவளோடோ ஓடிவிட்டதாக முடிவுகட்டிப் பதினோரு நாள் வாய் ஓயாமல் திட்டித் தீர்த்தாள். பதினோராம் நாள் செம்மலை தகர டப்பாவைத் திறந்து, கழற்றிப்போட்ட அந்த இரண்டு கண்ணிகளை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இருப்பாரு, திரும்ப மாட்டிப் பாரு புள்ளை," என்றான். மாட்டினாள். கடை நின்ற இடத்தில் நின்றது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, ராக்கியண்ணன் கரண்டியும் கையுமாக, "என்ன அத்தாயி, இன்னிக்கி லேட்டு?" என்று கேட்டார். பதினோரு நாள் ஆயிற்று என்று சொன்னால் நம்பவில்லை. அவருக்கு அது பால் ஒரு தரம் பொங்குவதற்கும் மறுதரம் பொங்குவதற்கும் நடுவே கரண்டியால் துழாவுகிற நேரம்தான். அவர் எவளோடும் ஓடவில்லை என்பதைப் பெண்டாட்டி மட்டும் கடைசிவரை நம்பவில்லை.

அதற்கப்புறம் அவர் கடையைப் பாதுகாப்பாகத் தொண்ணூறாம் வளைவுக்கு ஏற்றிக்கொண்டார், ஊரும் இதற்குத் தகுந்தமாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. செயினைக் கழற்றுவது செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுது என்று முறை வைத்தார்கள். மேலே ஒருவர் தட்டைத் தட்ட, அதைக் கேட்டு அடுத்தவர் தட்ட, சத்தம் வளைவு வளைவாகக் கீழே இறங்கும், சாலையில் போகிறவர்கள் சுமையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். செயின் திறந்து கிடக்கிற நேரத்தில் சாலைக்கு இணைப்பு கிடையாது, அந்த நேரத்தில் நடந்துபோன ஒரு கன்றுக்குட்டியைப் பக்கத்து மலையில்தான் போய்ப் பிடித்து வர வேண்டியிருந்தது. உட்கார்ந்த பெண்கள் பேன் பார்த்தார்கள், ஆண்கள் பீடி பற்றவைத்தார்கள், அந்தக் கால்மணி நேரத்தில் இரண்டு கல்யாணம் பேசி முடிந்திருக்கிறது. மேலே செயினின் இரு நுனியையும் சேர்க்கிற லாக்கைப் போட்டு அத்தாயி பெடலை ஒரு சுற்றுச் சுற்றியதும் மறுபடி தட்டுச் சத்தம் இறங்கிவரும், எழுந்து நடப்பார்கள்.

ஊர் என்றால் விண்ணப்பம் இல்லாமல் இருக்குமா. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், நாலு வளைவு குறைத்துக் கொடு என்பார்கள், குறைத்தாள். காட்டிலாகா அதிகாரி விசாரணைக்கு வருகிறார், பத்து வளைவு கூட்டு என்பார்கள், கூட்டினாள். அன்றைக்குச் செயின் பால்மாட்டு மடிபோலத் தொங்கியது, அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனாள். அதிகாரி நூற்றிரண்டாம் வளைவோடு வெறுத்துப்போய், கொண்டுவந்த சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போனார். எண்ணெய்க் கறுப்பு அத்தாயியின் நகக்கண்ணை விட்டுப் போனதே இல்லை, மழைக்காலத்தில் துரு வேறு. ஆனாலும் ஊர் அவள் கைக்குள் இருந்தது, அது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வினை தார் ரூபத்தில் வந்தது. தார்ச்சாலை போட்டால் ஆம்புலன்ஸ் ஊருக்குள்ளேயே ஏறிவரும், அதுவரை அடிவாரத்தோடு சரி. அளக்க வந்த இன்ஜினியர் சித்திரையில் ஒரு நீளம் எழுதினார், ஆடியில் வேறொரு நீளம், ஐப்பசியில் மூன்றாவதாக ஒன்று. அளவுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வார்டு மெம்பர் பூங்கொடியைப் பார்த்து, "இதபாரும்மா, மூணு தடவை அளந்தா மூணு கணக்கு. நான் எதுல கையெழுத்துப் போடறது? உங்க ரோடு ஒரு இடத்துல நிலையா நின்னாத்தான் தாரு," என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்த வருஷம்தான் பெங்களூரிலிருந்து மலையேற்றச் சைக்கிள்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் பிரணவ் என்ற தாடிக்காரருடைய சைக்கிளும் கியர் இல்லாததுதான், ஆனால் செயினும் இல்லை. செயின் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, உட்பக்கம் பல்லு வைத்த ஒரு பெல்ட் ஓடியது. அது வந்த சத்தமே கேட்காததால் நாய்கள் அவரைப் பார்த்துக் குரைக்க மறந்து, போனபிறகு குரைத்தன. ராக்கியண்ணன் கடையில் டீ குடித்துக்கொண்டே அவர் பெல்ட்டின் பெருமையைச் சொன்னார், எண்ணெய் வேண்டாம், துருப்பிடிக்காது, சேறு பட்டால் ஒரு சொம்புத் தண்ணீர் போதும், மண் நுழைந்தாலும் பல்லிடுக்கு வழியே தானாக உதிர்ந்துவிடும், செயின்போல நாளாக ஆகத் தொய்யவே தொய்யாது.

"அறுந்தா?" என்று அத்தாயி கேட்டாள்.

"அறாதுங்க. அறுந்தா புதுசு போட்டுக்கணும். அதை ஒட்ட முடியாது."

"ரெண்டு பல்லு குறைக்கணும்னா?"

அவர் சிரித்துவிட்டார். "அது வளையல் மாதிரிங்க, இணைப்பே கிடையாது. செயின்னா செயினைத் திறந்து சைக்கிள்ல மாட்டுவோம். பெல்ட்டைத் திறக்க முடியாது, அதனால சைக்கிளைத்தான் அறுத்துத் திறந்து உள்ள விடணும்."

கடையில் இருந்தவர்களின் காதில் தொய்யவே தொய்யாது என்பது மட்டும்தான் விழுந்தது. மறுநாள் கூட்டம் போட்டார்கள். செயின் கட்சி, பெல்ட் கட்சி என்று ஊர் இரண்டாகி, அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு வளைவு குறைக்க முடியாதே என்றார்கள் இவர்கள், ஆம்புலன்ஸ் வருமே என்றார்கள் அவர்கள். கடைசியில் எல்லாரும் அத்தாயியைப் பார்த்தார்கள். அவளுக்கு மனசே இல்லை. திறக்க முடியாத ஒரு பொருளை நம்பி ஒரு சாலையை எப்படிக் கட்டுவது என்று அவளுக்குப் புரியவில்லை. அவளைச் சம்மதிக்க வைத்தது ஊர் அல்ல, செம்மலை. அன்று சோறு பிசையும்போது அவள் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, "பதினாலு வருஷமா இந்தக் கருப்போட திங்கற. பெல்ட்டே போட்டுக்க புள்ளை, கை வெளுக்கட்டும்," என்றான். மறுநாள் காலையில் அவள் ஊரிடம் சரி என்றாள்.

பிரணவ் நல்ல மனிதர், ஊர் கேட்டு எழுதியதும் பெல்ட்டையும் இரண்டு பல்சக்கரங்களையும் பார்சலில் அனுப்பினார். அதை மேலே சுமந்து வந்ததும் அத்தாயிதான், அவளுடைய தபால் பையில்தான். அட்டைமேல் 118 என்று போட்டிருந்தது. செருப்பு டப்பாமேல் நம்பர் போடுவதில்லையா, அதுபோல ஏதோ ஒன்று என்று எல்லாரும் நினைத்தார்கள். கண்ணியைப் பதினாலு வருஷம் எண்ணிய ஊரில், பல்லை எண்ண வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடிவாரத்து வெல்டிங் பட்டறைக்காரரை அழைத்து வந்து, சைக்கிளின் பின்பக்கக் குழாயை அறுத்துத் திறந்து, போல்ட் வைத்து மூடும்படி செய்தார்கள். தட்டைத் தட்டினார்கள். சாலையில் இருந்தவர்கள் கடைசித் தடவையாக உட்கார்ந்தார்கள். பெல்ட் உள்ளே போயிற்று, அத்தாயி பெடலைச் சுற்றினாள், ஒரு சத்தமும் இல்லை.

சாலையில் நூற்றுப்பதினெட்டு வளைவு ஆகியிருந்தது. பெல்ட்டும் பழைய செயினும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நீளம்தான், ஆனால் பல்லு பொடிசு, அதனால் எண்ணிக்கை கூட. புது வளைவுகள் எப்போதும்போல அடிவாரத்துப் பக்கம் முளைத்திருந்தன. இருபத்திரண்டு வளைவு அதிகமாக நடக்க வேண்டுமே என்று கொஞ்சநாள் முணுமுணுத்தார்கள், தார் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தேற்றிக்கொண்டார்கள். இன்ஜினியர் வந்து இரண்டு தரம் அளந்தார், நூலளவும் மாறவில்லை, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். மழை முடிந்ததும் வேலை ஆரம்பம் என்றார். செயின் சத்தம் கேட்காததால் வாசலுக்கு வராமல் தபாலைத் தவறவிட்டவர்களுக்காக அத்தாயி ஒரு மாட்டுமணியைக் கட்டிக்கொண்டாள். அவள் விரல்கள் மெல்ல வெளுத்தன. செம்மலை அதைத் தினம் பிடித்துப் பார்த்தான்.

மழை முடியவில்லை. கார்த்திகையில் ஒரு காலைப்பொழுது காப்பிச் செடி மூட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த செம்மலையைக் கண்ணாடிவிரியன் கணுக்காலுக்குமேல் கடித்தது. சேற்றில் ஜீப் ஏறாது. ஆம்புலன்ஸ் அடிவாரத்துக்கு வந்து நிற்கும், மருந்து அதற்கப்பால் ஆஸ்பத்திரியில். கட்டிலைக் கழியில் கட்டி டோலியாக்கி நாலு பேர் தூக்கினார்கள், முன்னால் தோள் கொடுத்தவர் ராக்கியண்ணன். அத்தாயி பக்கத்திலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கைப்பிடியில் தகர டப்பா தொங்கியது, அதற்குள் பழைய செயினும் ஆணியும், குழாயை அறுத்தபோது மிச்சமான ரம்பத் துண்டும். அதை ஏன் எடுத்துக்கொண்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

முதல் முப்பது வளைவு செம்மலை பேசிக்கொண்டு வந்தான், களைவெட்டியை மழையில் போட்டுவிட்டு வந்ததைச் சொன்னான், எடுத்து வைக்கச் சொன்னான். அறுபதில் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. எண்பதில் கால் கட்டிலுக்கு வெளியே கனத்துத் தொங்கியது. தொண்ணூறில் ராக்கியண்ணனின் கடையைத் தாண்டினார்கள், அவர் கடைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தாயி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். தொண்ணூற்றாறு வந்தது. அந்த இடத்தில்தான் அடிவாரம் இருந்தது, அந்த இடத்தில்தான் வெள்ளை வண்டி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். உண்ணிச்செடியும் சேறும் மட்டும் இருந்தன, அதற்கப்பால் இன்னொரு வளைவு.

அந்த வளைவில் செம்மலை, "தண்ணி," என்றான்.

"குடுக்காதீங்க, பாம்பு கடிச்சவனுக்குத் தண்ணி ஆவாது," என்றார் பின்னால் தூக்கியவர். அத்தாயி பாட்டிலை எடுத்த கையை இறக்கிக்கொண்டாள். "இறக்குங்க, கொஞ்சம் இறக்குங்க," என்றான் செம்மலை. இறக்கினார்கள்.

அவள் மனது அப்போது, பதினோரு நாள் கழித்தும் ராக்கியண்ணனின் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை நினைத்தது. செயினாக இருந்தால் போதும். இந்த இடத்திலேயே சைக்கிளைச் சாய்த்து, இந்த ஒரு ஜோடிக் கண்ணியைத் தட்டி எடுத்து, தண்ணி என்று கேட்ட வாயோடு அவனை அப்படியே டப்பாவுக்குள் வைத்து மூடிவிடலாம். ஒரு நாளோ பத்து நாளோ, மருந்தையும் டாக்டரையும் கூட்டிவந்து நிறுத்திவிட்டு, கண்ணியைத் திரும்ப மாட்டினால், அவனுக்கு அது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இருக்கிற நேரம்தான். அவள் ரம்பத் துண்டை எடுத்துப் பெல்ட்டின்மேல் வைத்தாள். அறுத்தால் பெல்ட் அறும், சாலையும் அறும், இந்த வளைவு போகும், இவனும் போவான், இவனைத் தூக்கிவந்த நாலு பேரும் போவார்கள், திரும்ப மாட்டுவதற்கு இந்த வளைவுக்கென்று ஒரு கண்ணி டப்பாவில் இருக்காது. பெல்ட் புத்தம் புதுசாக, இணைப்பு என்று ஒரு கீறல்கூட இல்லாமல், மழையில் கழுவி மினுங்கிக்கொண்டிருந்தது.

"அறுக்காத புள்ளை," என்றான் செம்மலை. "ஊருக்கு வண்டி வரோணும்." அவள் விரலைத் தேடிப் பிடித்தான். "கை வெளுத்துருச்சு பாத்தியா." அதற்குமேல் பேசவில்லை. ராக்கியண்ணன் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டு அழுதார்.

மிச்சமிருந்த இருபத்தொரு வளைவையும் அவனை ஏன் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம் அத்தாயி தினமும் பெல்ட்டில் மண்ணை அள்ளிப் போட்டாள். ஆற்றுமணல் போட்டாள், செங்கல்லைப் பொடித்துப் போட்டாள், தேயட்டும், தேய்ந்து தானாக அறட்டும், யாரும் சாலையில் இல்லாத நேரமாகப் பார்த்து அறட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பிரணவ் பொய் சொல்லவில்லை. மண் பல்லிடுக்கு வழியே உதிர்ந்து விழுந்தது, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும், பெல்ட் பழையபடி மினுங்கியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுத்ததும், செயின் கட்சியும் பெல்ட் கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து அவள் வாசலுக்கு வந்தார்கள். பூங்கொடி முன்னால் நின்றாள். "அத்தாயக்கா, எங்களுக்குத் தாரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பெல்ட்டை அறுத்துருவோம். ரோட்டுல ஒரு ஆள் இல்லாம பாத்துக்கறோம். பழைய செயினையே போடு," என்றாள். பட்டறைக்காரர் ரம்பத்தோடு வந்திருந்தார். கூட்டத்தில் ஒருவராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அத்தாயி உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தாள். செயினைக் கொட்டி, எல்லாரும் பார்க்கத் தரையில் நீட்டி வைத்து, ஒரு நுனியிலிருந்து கண்ணியைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். தொண்ணூற்றாறில் செயின் முடிந்தது. அவள் விரல் அதற்கடுத்த வெறுந்தரையில் வந்து நின்றது.

"இதுல அவரு இல்லையே," என்றாள்.

பட்டறைக்காரர் ரம்பத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவராகப் போனார்கள்.

தை மாதம் தார் போட்டார்கள். ஆம்புலன்ஸ் இப்போது ஊருக்குள்ளேயே ஏறி வருகிறது, மாசியில் பூங்கொடியின் தம்பியை விரியன் கடித்தபோது கால்மணி நேரத்தில் இறக்கிக் காப்பாற்றிவிட்டார்கள். அத்தாயி சந்தோஷப்பட்டாள், அன்று முழுதும் அழவும் செய்தாள்.

தினமும் காலையில் பையோடு இறங்கும்போது தொண்ணூற்றேழாம் வளைவில் மணிச்சத்தம் நிற்கும். அவள் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, பாட்டிலைத் திறந்து, தாருக்கும் உண்ணிச்செடிக்கும் நடுவே இருக்கிற மண்ணில் தண்ணீரை ஊற்றுவாள், முழுப் பாட்டிலையும். பிறகு குனிந்து பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். தொய்வு இருக்காது. ஏறி உட்கார்ந்து மிதிப்பாள்.